'எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுக': இணையக் காலத்தில் தொழில்நுட்ப எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு ஆங்கிலத் தாள் எழுதிய பலருக்கும் அந்தக் கேள்வி மறந்திருக்காது. தீ விபத்தைத் தவிர்க்க எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுக. ஏன் எட்டு? ஐந்தில் முடிந்துவிட்டால் என்ன, பதினொன்று தேவைப்பட்டால் என்ன? யாரும் கேட்டதில்லை. எட்டு வரி வந்தால் மதிப்பெண் வரும். அந்த எட்டு வரியைப் பார்த்துக்கொண்டு யாரும் தீயணைப்பானைத் தூக்கப்போவதில்லை. படிக்கப்போவது விடைத்தாள் திருத்துகிற ஒருவர். அவருக்கு விடை முன்பே தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் மாணவர்களைத் தயார் செய்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு. நம் பிள்ளைகளுக்கு இலக்கணமோ சொல்வளமோ பெரிய சிக்கல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. பள்ளியிலிருந்தே அவர்கள் எழுதியதெல்லாம் விடை தெரிந்தவருக்கு. இணையத்தில் ஒரு செய்முறைப் பக்கத்தைத் திறப்பவருக்கோ விடை தெரியாது. கையில் வேலை இருக்கும், அவசரம் இருக்கும், புரியவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். திருத்துபவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு இவரை உட்கார வைப்பதுதான் பாடம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வேலைகள்தான்.

வாரம் மூன்று மணி நேரம், பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம், வகுப்பில் ஐம்பது பேர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் இதைப் பாதியாகச் சுருக்கலாம். நான்காம் படியையும் ஏழாம் படியையும் மட்டும் சுருக்காதீர்கள்.

படி 1: முதல் வகுப்பில் காகிதம் மடியுங்கள்

பழைய ரெக்கார்டு நோட்டின் ஒருபக்கத் தாள்கள் போதும். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு மடிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும்: கத்திக்கப்பல், இரட்டைக்கப்பல், தவளை, சட்டை, எதுவானாலும். படம் கூடாது. இருபது நிமிடத்தில், தமிழில், எழுத்தால் மட்டும் விளக்க வேண்டும். அதன்பின் அந்த மடிப்பைத் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். எழுதியிருப்பதை அப்படியே செய்ய வேண்டும், வாயைத் திறந்து கேட்கக் கூடாது. எல்லோருக்கும் கத்திக்கப்பல் என்று வைத்தால் பயன் இல்லை. தெரிந்த கை எழுத்தைப் பார்க்காமலேயே மடித்துவிடும்.

பத்து நிமிடத்தில் வகுப்பு சிரிப்பில் மூழ்கும், கப்பலுக்குப் பதில் கசங்கிய காகிதம் வரும். சிரிப்பு அடங்கியதும், தாளின் எந்த வரியில் கை நின்றது என்று கேளுங்கள். என் அனுபவத்தில் மூன்று இடங்கள் தவறாமல் வரும். 'பாதியாக மடி': நீளவாக்கிலா, அகலவாக்கிலா? 'மேல் மூலை': மேசையில் கிடக்கிற தாளுக்கு மேல் எது? எல்லாவற்றையும்விட மோசம் 'திருப்பு'. ஒருவர் தாளைக் குப்புறப் போடுவார், இன்னொருவர் மேசைமேலேயே சுழற்றுவார். இரண்டும் சரியான தமிழ்தான்.

கரும்பலகையில் அன்றே எழுதிவிடுங்கள்: குப்புறப் போடுவது 'புரட்டு', மேசைமேல் சுற்றுவது 'சுழற்று', 'திருப்பு' இந்த வகுப்பில் தடை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற விதியை நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை, அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் உருவான எளிய ஆங்கில விதித்தொகுப்பு இதையேதான் சொல்கிறது. இன்று அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. காகிதக் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரே விதியா என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், ஒரே விதிதான்.

படி 2: முகம் உள்ள வாசகரைப் பிடியுங்கள்

ஐம்பது பேரை நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு செயலையும் ஒரு வாசகரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பொதுமக்கள்' வாசகர் இல்லை. 'மாணவர்கள்' என்பதும் இல்லை. நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கும், அந்தச் செயல் தெரியாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய ஆள் வேண்டும். செயல் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். முடிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். 'செயற்கை நுண்ணறிவின் நன்மைகள்' என்று ஒரு குழு கட்டாயம் வரும். திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் யாரும் எதையும் செய்வதில்லை.

எங்களுக்கு நன்றாக அமைந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், இனி இதையே காட்டாக வைப்பேன். செயல்: இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியால், அதாவது ஸ்க்ரூ கேஜால், ஒரு கம்பியின் விட்டத்தை அளப்பது. வாசகர்: அடுத்த வாரம் அந்தச் சோதனையைச் செய்யப்போகிற முதலாண்டு மாணவி. பக்கம் இருக்கப்போகும் இடம்: ஆய்வக மேசையில் ஒட்டிய க்யூஆர் கோட் வழியாக அவள் போனில். பள்ளியில் எல்லோரும் தொட்ட கருவிதான். ஆனாலும் பாதிப்பேர் முதல் தடவையே அதைச் சரியாகப் பிடிப்பதில்லை.

படி 3: எழுதும் முன் போய்ப் பாருங்கள்

எழுதப்போகிறவர்கள் ஆய்வகத்துக்குப் போய், அந்த வேலையைத் தாங்களே ஒருமுறை செய்ய வேண்டும். இன்னொருவர் செய்வதைப் போனில் படம்பிடிக்க வேண்டும். ஆய்வக உதவியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அண்ணே, பசங்க எதுல தப்பு பண்றாங்க?"

எங்கள் குழுவுக்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்ன பதில், ராட்செட். திருகு அளவியின் வால்முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பிடித்துத்தான் திருக வேண்டும். கம்பியை முனைகள் தொட்டதும் அது 'டிக் டிக்' என்று நழுவும், அதற்குமேல் இறுகாது. பிள்ளைகள் தடித்த உருளையையே பிடித்து முழு பலத்தில் இறுக்குகிறார்கள். மென்மையான கம்பி நசுங்கி அளவு குறைகிறது, திருகின் புரியும் தேய்கிறது. 'திருகை இறுக்கவும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் செய்முறைக் குறிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு ராட்செட் கைப்பழக்கம், அதனால் கண்ணில் படவில்லை. தெரிந்தவர் எதை விட்டுவிடுவார் என்பதைத் தெரிந்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாதவர் தவறுவதை நாள்தோறும் பார்க்கிற ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

படி 4: தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத் தாளுக்கு ஏன் தமிழ் என்று துறைத்தலைவர் கேட்பார். முதல் வரைவைத் தமிழில் எழுதச் சொன்னால்தான் பிள்ளைக்குச் செயல் புரிந்திருக்கிறதா என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் மனப்பாட வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். தவிர, அந்தப் பக்கம் தமிழிலும் வேண்டும்தான். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைதான் முதல் மாதம் ஆய்வகத்தில் மிரண்டு நிற்கும்.

ஒரு குழுவின் முதல் வரைவு இப்படி இருந்தது:

"திருகு அளவியை எடுத்து அதன் சுழிப்பிழையைக் கண்டறிந்து கம்பியை இரு முனைகளுக்கு இடையில் வைத்துத் திருகை இறுக்கிப் புரிக்கோல் அளவையும் தலைக்கோல் ஒன்றிப்பையும் குறித்துக்கொண்டு விட்டத்தைக் கணக்கிட வேண்டும்."

(சுழிப்பிழை: முனைகள் தொட்டிருக்கும்போதே கருவி சுழியைக் காட்டாத பிழை. புரிக்கோல்: கருவியின் நேரான அளவுகோல். தலைக்கோல்: சுழலும் உருளையில் உள்ள வட்ட அளவுகோல். ஒன்றிப்பு: புரிக்கோலின் கோட்டுக்கு நேராக நிற்கும் தலைக்கோல் பிரிவு.) இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, தேர்வில் முழு மதிப்பெண் வரும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: எடுத்து, கண்டறிந்து, வைத்து, இறுக்கி, குறித்துக்கொண்டு, கணக்கிட. ஒரே வாக்கியத்தில் ஆறு வேலை. வினையெச்சம் தமிழுக்குக் கிடைத்த வரம். கதை சொல்லும்போது அதன் ஓட்டமே அழகு. செய்முறையில் அதுவே படிகளை விழுங்கிவிடும். 'சுழிப்பிழையைக் கண்டறிந்து' என்ற இரண்டு சொல்லுக்குள் ஐந்து நிமிட வேலை புதைந்து கிடக்கிறது. அதனால் வகுப்பில் ஒரு விதி: வினையெச்சத்தை வட்டமிடு. ஒவ்வொரு வட்டமும் தனிப்படியா என்று கேள். 'பிடித்துத் திருகு' என்பது ஒரே கையசைவு, இருக்கட்டும். 'வைத்து இறுக்கி' என்பது இரண்டு வேலை, வெட்டு.

அடுத்தது 'முன்' என்ற சொல். "பேட்டரியைக் கழற்றும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்." தமிழில் இயல்பான வாக்கியம். ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவரோடு படிப்பவர் கண்ணில் முதலில் விழுவது 'பேட்டரியைக் கழற்று'. பாதி படிக்கும்போதே கை போய்விடும். செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுங்கள்: "முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள்." நிபந்தனைக்கு வந்தால் தமிழ் நம் பக்கம் நிற்கும். 'சிவப்பு விளக்கு எரிந்தால்' என்பது தானாகவே முன்னால் வந்துவிடுகிறது, செயல் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

மூன்றாவது '-வும்'. இதைப் பாருங்கள்: "மூடியைத் திறக்கவும் துடைக்கவும் இந்தத் துணியைப் பயன்படுத்தவும்." மூன்று '-வும்' இருக்கிறது, கட்டளை ஒன்றுதான். வாசகர் முதல் சொல்லிலேயே மூடியைத் திறந்துவிடுவார். அதனால்தான் நான் 'திறங்கள்', 'துடையுங்கள்' என்று எழுதச் சொல்வேன். அறிவிப்புப்பலகை வாடை போகிறது என்பது கூடுதல் லாபம். '-ப்படும்' இன்னும் மோசம். 'பொத்தான் அழுத்தப்படும்' என்றால் யார் அழுத்துவது, நானா கருவியா?

கடைசியாக 'வேண்டும்', 'நல்லது', '-லாம்'. 'கையுறை அணியலாம்' என்று ஒருத்தி எழுதினாள். அமிலத்தைத் தொடுகிற இடம் அது. இணைய நெறிமுறைகளை எழுதுபவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற இரண்டு மூன்று பக்க ஆவணம், எது கட்டாயம், எது பரிந்துரை, எது விருப்பம் என்பதற்கு இன்ன இன்ன சொல் என்று வரையறுத்தது. நாமும் செய்துகொள்ளலாம்: கட்டாயம் என்றால் 'வேண்டும்', 'கூடாது', பரிந்துரை என்றால் 'நல்லது', காரணத்தோடு, விருப்பம் என்றால் மட்டும் '-லாம்'.

கலைச்சொல் சண்டை ஒன்று கட்டாயம் நடக்கும். கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவுக்குப் பெயர் மீச்சிற்றளவா, லீஸ்ட் கவுண்ட்டா? தமிழ்வழிப் பிள்ளைக்கு முதலாவது தெரியும், ஆங்கிலவழிப் பிள்ளைக்கு இரண்டாவது. என் தீர்ப்பு: முதல்முறை வரும்போது இரண்டையும் சொல், அதற்குப்பின் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள். மென்பொருளைப் பற்றிய பக்கமானால் வேறு விதி. திரையில் பொத்தான்மேல் எந்த மொழியில் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அப்படியே. அதை அழகுத் தமிழில் பெயர்த்து வைத்தால் வாசகர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் குழுவின் வரைவு இப்படித் தொடங்கியது:

"1. கம்பி இல்லாமல், வால்முனையில் உள்ள ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருகுங்கள். 'டிக் டிக்' கேட்டதும் நிறுத்துங்கள்.
2. தலைக்கோலின் 0, புரிக்கோலின் கிடைக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். நேராக இருந்தால் சுழிப்பிழை இல்லை, 4-க்குப் போங்கள்.
3. 0 கோட்டுக்குக் கீழே நின்றால், எத்தனை பிரிவு என்று எண்ணுங்கள். 5 பிரிவு என்றால் கடைசி விடையில் 0.05 மி.மீ. கழிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே நின்றால் கூட்ட வேண்டும்."

இதையும் இன்னும் வெட்டலாம். ஆனால் இப்போது ஒருவர் இதைப் படித்து வேலை செய்ய முடியும்.

படி 5: பக்கத்துக்கு உடம்பு கொடுங்கள்

இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-இல் எழுதிய முடிவு இன்றும் வகுப்பை உலுக்கும்: சோதனைக்கு வந்தவர்களில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் துழாவினார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அன்றைக்கு மேசைக்கணினி. இன்றைய நான்கு விரல் அகலத் திரையில் நிலைமை மேம்பட்டிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

எனவே தலைப்பு செயலைச் சொல்ல வேண்டும். 'திருகு அளவி: ஓர் அறிமுகம்' என்று வைக்காதீர்கள், 'கம்பியின் விட்டத்தை அளப்பது' என்று வையுங்கள். முதல் திரையிலேயே என்னென்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிய வேண்டும். எச்சரிக்கை அதற்குரிய படிக்கு மேலே நிற்க வேண்டும், பக்கத்தின் அடியில் 'குறிப்பு' என்று தூங்கக் கூடாது. படம் அது விளக்கும் படியை ஒட்டியே வர வேண்டும். அகல அட்டவணை போனில் உடைந்துபோகும், தவிருங்கள்.

வரலாறு, கோட்பாடு, 'இன்றைய நவீன உலகில்' எல்லாம் வெளியே. பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் அழுவார்கள், அரைப்பக்க முன்னுரை இல்லாமல் எழுதினால் ஏதோ மரியாதைக்குறைவு செய்துவிட்டதுபோல. அப்போது ஜான் கேரலைச் சொல்லுங்கள். 1980களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், புதிதாகக் கணினி கற்பவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதே இல்லை, நேரே வேலையில் குதித்துவிடுகிறார்கள் என்று கவனித்தவர். தடித்த கையேட்டுக்குப் பதில் சுருக்கமான அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். தவறினால் எப்படி மீள்வது என்பதும் அந்த அட்டைகளில் இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை நம் கையேடுகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 'சரியாக வரவில்லையா?' என்று ஒரு பகுதி கேளுங்கள்.

அணுகல்தன்மை பற்றித் தனி விரிவுரை வேண்டாம், இரண்டு பழக்கம் போதும். 'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்பு கூடாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் இணைப்புகளை மட்டும் பட்டியலாகப் படிக்கும்போது 'இங்கே, இங்கே, இங்கே' என்று கேட்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு 4.5-க்கு 1-ஆவது இருக்க வேண்டும். இது வலை அணுகல்தன்மை வழிகாட்டியில் சாதாரண அளவு எழுத்துக்கு உள்ள அளவு. இளஞ்சாம்பல் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் டியூப்லைட்டுக்குக் கீழே போனில் தெரியாது.

படி 6: கருவிக்கு ஒரு வாரம், அதற்குமேல் இல்லை

மார்க்டவுன் சொல்லிக்கொடுங்கள். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய குறிமுறை. தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அரை மணியில் முடியும். கிட்ஹப் என்ற இணையதளத்தில், எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்புத் தொகுப்பு ஒன்றை (பொதுக் களஞ்சியம்) திறந்தால் பக்கத்தை இலவசமாகவே ஏற்றலாம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் நிற்கும். நான்கு பேர் குழுவில் ஒருவரே எல்லாம் எழுதிய கதை அங்கே அம்பலமாகிவிடும், அது வேறு. கணினி வசதி இல்லையா? பகிர்ந்த கூகுள் டாக் போதும். வடிவமைப்பு மென்பொருளில் மூன்று வாரம் போய், எழுத்துக்கு நேரமில்லாமல் போன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று என்னுடையது.

படி 7: எழுதியவர் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாசகரை உட்கார வையுங்கள். பக்கத்தைத் திறந்து கொடுங்கள். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். "சோதிப்பது உன்னை இல்லை, இந்தப் பக்கத்தைத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் வைவா என்று நினைத்து வியர்த்துவிடுவார்கள். எழுதியவர் பின்னால் நோட்டோடு நிற்க வேண்டும். பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது, பெருமூச்சும் விடக்கூடாது.

எங்கள் முதல் சோதனையைச் சொல்கிறேன். முதலாண்டு மாணவி, இடது கையில் திருகு அளவி, வலது கை திருகத் தயாராக, போன் மேசையில். முதல் படியைப் படித்தாள். "அண்ணா, இதுல எது ராட்செட்?" எழுதியவன் வாயைத் திறந்தான், நான் முறைத்தேன், மூடிக்கொண்டான். அவள் உருளையைப் பிடித்துத் திருகினாள், அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். படம் இருந்தது, ஆனால் பக்கத்தின் கடைசியில். இரண்டாம் படிக்கு வருவதற்குள் போன் திரை அணைந்துவிட்டது. இரண்டு கையிலும் கருவி. அவள் குனிந்து மூக்கு நுனியால் திரையைத் தட்டினாள்.

நான்கு பேர் மூன்று வாரம் எழுதி, நான் இரண்டு முறை திருத்திய பக்கம். திரை அணையும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றே ஒவ்வொரு படியும் ஒரு பார்வையில் மனதில் நிற்கும் அளவுக்குச் சுருங்கியது. ராட்செட்டில் சிவப்பு அம்புக்குறி போட்ட படம் முதல் படிக்கு மேலே ஏறியது. எந்த விரிவுரையும் இதைச் செய்திருக்காது.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம், அதன்மேல் விவாதமும் உண்டு. வகுப்புக்கு நான் வைப்பது முதல் சுற்றில் இரண்டு பேர், திருத்தம், மறுபடி இரண்டு பேர். நடுவில் திருத்தினால்தான் பலன். ஒரே ஒரு கண்டிப்பு: "நல்லா இருக்கு அண்ணா" என்ற கருத்தைக் குறிப்பில் சேர்க்கக் கூடாது. கை எங்கே நின்றது, எங்கே திரும்பிப் படித்தாள், எங்கே தப்பாகச் செய்தாள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

படி 8: ஒரு வகுப்பு, மடலுக்கு

வேலைக்குப் போனபின் பிள்ளைகள் எழுதப்போவதில் பெரும்பங்கு மின்னஞ்சலும் அலுவலகச் செய்தியும்தான். அதற்கு மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓஹையோவில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்ட, உலையை இயக்கும் ஊழியர்கள் அவசரக் குளிர்நீரை நிறுத்தினார்கள். அன்று பெரிய சேதமில்லை. அணு உலையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில், உலையை இயக்குபவர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் போக வேண்டும் என்று உள்மடல் எழுதினார். அது நிறுவனத்துக்குள்ளேயே சுற்றியது, உலையை இயக்குபவர்களிடம் போகவில்லை. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவில் அதே வகை வால்வு சிக்கியது, அங்கும் குளிர்நீரைக் குறைத்தார்கள், உலையின் உள்ளகம் ஒரு பகுதி உருகியது.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பயிற்சி: ஆய்வகத்தில் எர்த் சரியில்லாத பிளக் ஒன்றைப் பற்றித் துறைத்தலைவருக்கு மடல் எழுதுங்கள். பொருள் வரியை மட்டும் படித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். 'பிளக் தொடர்பாக' என்று வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

படி 9: சாட்பாட்டை ஒளிக்காதீர்கள்

தடுத்தாலும் பயன்படுத்துவார்கள். எனவே வகுப்பிலேயே திறந்து, திருகு அளவிப் பக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வழவழப்பான வரைவு வரும். பொதுவான விஷயங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதையும் ஏழாம் படியில் சொன்னபடி முதலாண்டு மாணவியிடம் கொடுத்துச் சோதியுங்கள். நம் ஆய்வகத்து மூன்றாம் எண் கருவிக்குச் சுழிப்பிழை உண்டு என்று அதற்குத் தெரியாது. மூக்கு நுனியும் தெரியாது. வரைவை அதனிடம் வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சோதனைக் குறிப்பை வாங்க முடியாது. ஒருவன் அதையும் வாங்கிப் பார்த்தான். 'பயனர் மிகவும் எளிதாக உணர்ந்தார்' என்று இருந்தது, பிடிபட்டான்.

படி 10: மதிப்பெண்

பல்கலைக்கழகத் தேர்வு உங்கள் கையில் இல்லை. எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் கேள்வி வந்தால் எட்டு எழுதத்தான் வேண்டும், அதற்கும் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துவிடுங்கள். உள்மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. நான் போடும் கணக்கு: இருபதுக்கு ஐந்து, கடைசிச் சோதனையில் வாசகர் உதவியின்றி வேலையை முடித்தாரா என்பதற்கு. எட்டு, சோதனைக் குறிப்புக்கும் அதனால் வந்த மாற்றங்களுக்கும். நான்கு, மொழிக்கு. மூன்று, அடுத்த குழுவின் பக்கத்தைப் படித்துச் சொன்ன கருத்துக்கு. பக்கம் முதல் வரைவிலேயே அருமையாக வந்து, ஒன்றும் மாறவில்லை என்றால் எட்டில் பெரிதாக எதுவும் கிடைக்காது. இது அநியாயம் என்று நன்றாக எழுதும் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அவர்களிடம் கஷ்டமான வாசகராகப் பார்த்து அனுப்புங்கள், மாற்றம் தானாக வரும்.

திருத்தும் சுமை பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு குழு, மூன்று வரைவு, முப்பத்தாறு பக்கம், போனிலேயே படித்துவிடலாம். ஐம்பது தனித்தாள் கட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை முழுதும் சிவப்பு மை போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

படி 11: அடுத்த பேட்ச் கையில் கொடுங்கள்

காகிதத்தில் எழுதியது தேர்வோடு செத்துவிடும். இணையப் பக்கம் அப்படியில்லை, தப்பாகிப்போன பின்னும் உயிரோடு நிற்கும். எனவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் எந்தக் குழு பொறுப்பு என்பதும் இருக்கட்டும். அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு முதல் வேலையாகப் புதுப்பக்கம் கொடுக்காதீர்கள். பழைய பக்கத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பழுதுபார்க்கட்டும். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதில் இருக்கும் உற்சாகம் தனி, அந்த உற்சாகத்தில் பாதிப் பாடம் நடந்துவிடும்.

எங்கள் திருகு அளவிப் பக்கம் அப்படித்தான் மாட்டியது. விடுமுறையில் ஆய்வகத்துக்குப் புதுக் கருவிகள் வந்திருந்தன. பழையதில் புரிக்கோலின் ஒரு பிரிவு 1 மி.மீ., தலைக்கோலில் 100 பிரிவு. புதியதில் அரை மி.மீ., 50 பிரிவு. மீச்சிற்றளவு இரண்டுக்கும் அதே 0.01 மி.மீ. என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. பக்கத்தை நம்பி ஒரு பிரிவை ஒரு மி.மீ. என்று எண்ணினால் அளவு தாறுமாறாகும். புதுப் பேட்ச் பிள்ளைகள் சரிபார்க்கப் போனபோது மேசையில் க்யூஆர் கோட் கண்ணில் படவில்லை. ஆய்வக உதவியாளர் அதன்மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார்: "புதுசு. ஒரு கோடு அரை மி.மீ." அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே வரியைப் பக்கத்தின் முதல் வரியாகப் போட்டார்கள்.